கிடுகு வேலியில் ஓர் ஓட்டை

2025 ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்கு வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி இன்றைக்கு மூன்றாம் நாள். முடிவு வர இரண்டு, மூன்று கிழமை செல்லுமாம். யாருக்கும் சொல்லவில்லை. (இவர் இந்தக் குறிப்புகளை வாசிக்கிறவர் அல்லர்.)

முழங்கால் கதையை எல்லோரும் நம்பினார்கள், கறுப்பனைத் தவிர. தெருவால் போகிற சைக்கிளுக்கெல்லாம் கடப்படியில் நின்று குரைப்பவன், இன்று என் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு கிடக்கிறான். காலை இழுத்தால் அவனும் நகர்ந்து வருகிறான்.

ஜூலை 27, ஞாயிறு

தேடி வாசித்தேன். 2022-இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று. 36 பேரை 9000-இலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குக்கு முன்னும் பின்னும் எடுத்த வியர்வையையும் மூச்சையும் நான்கு நாய்களுக்கு முகரக் கொடுத்தால், நூற்றுக்கு 93.75 வீதம் பதற்றத்தின் மணத்தைச் சரியாகக் காட்டினவாம். நாய்க்கு மனம் புரிகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. பதறும்போது மணம் மாறுகிறது, நாய் அதைப் பிரித்தறிகிறது, அவ்வளவுதான்.

முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். வியர்வையை என்ன செய்வது? அதுவும் இந்தக் கச்சான் காற்றின் வெக்கையில்!

ஆகஸ்ட் 2, சனி

இன்று எனக்குக் கறுப்பன்மேல் சரியான கோபம்.

அடுத்த வளவு அக்காவோடு நாங்கள் கதைத்து இரண்டு வருடமாகிறது. எல்லையில் அரை முழ நிலம்தான் காரணம். அவருடைய கடைசி மகன் கட்டாருக்குப் போய் ஒரு கிழமை. மாலையில் கிணற்றுக்கட்டில் இருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கறுப்பன் காதை நிமிர்த்தினான். கிடுகு வேலியின் ஓட்டைக்குள் நுழைந்து போய், அவருடைய முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்பது என் சோறு!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2012-இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் வெளிவந்தது. வளர்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவரும் முறைவைத்து அழுவதுபோல் நடித்திருக்கிறார்கள். 18 நாய்களில் 15 அழுகைக்கு நெருங்கி வந்தன. அந்நியர் அழுதால் வளர்ப்பவரிடம் ஓடவில்லை, அழுகிறவரிடமே போயின. இரக்கம் என்று அடித்துச் சொல்ல ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். அழுகிறவர் அருகில் போனால் தடவிக்கொடுப்பார் என்று பழகிய பழக்கமாகவும் இருக்கலாமாம்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அந்த அக்கா மீன் வெட்டும் நாட்களில் வேலிக்கு அப்பால் தலைகள் விழும் சத்தம் இங்கே கேட்கிறது. ஆனால் நேற்று அவர் வீட்டில் மீன் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கறுப்பன் முன்காலை நக்கி நக்கி மயிர் உதிர்ந்திருக்கிறது. உண்ணி இல்லை, புண் இல்லை. என்னுடைய பயம் அவனையும் தின்கிறதோ? வேப்பெண்ணெய் பூசினேன். அதையும் நக்கிவிட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பூரணை. வாவியில் பாடும் மீன் கேட்கப் பிள்ளைகள் தகப்பனோடு பாலத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கறுப்பன் வழக்கம்போல் காலடியில்.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி."

இரண்டு வருடத்துக்குப் பிறகு. நிமிர்ந்தேன்.

"மீன் தலை வைத்துக் கூப்பிட்டும் இவன் மூன்று நாளாக உன்னை விட்டு வருகிறான் இல்லை. உனக்கு என்ன சுகமில்லை?"

பாத்திரத்தை வைத்துவிட்டு ஓட்டையருகில் போய்க் குந்தினேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். கிடுகுக்குள்ளால் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். மீன் மணத்தது அவர் கை. முடிவு எப்போது என்று கேட்டார். அடுத்த வியாழன் என்றேன்.

"பஸ்ஸில் தனியாகப் போகாதே. நானும் வருகிறேன்" என்றார்.

வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. கறுப்பன் அந்தப் பக்கம் போய் மீன் தலையைத் தின்றுகொண்டிருந்தான்.