நடையில் நின்ற ராசி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர், "நீங்கள் எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். திருச்சி என்றேன். "அதைக் கேட்கவில்லை. கூடைப்பந்துக்கு எந்தக் கல்லூரி?" என்றார்.

இங்கே மூன்று பல்கலைக்கழக அணிகள். சேப்பல் ஹில்லில் இருப்பது கரோலினா, வெளிர் நீலம். பத்து மைல் தள்ளி டர்ஹமில் டியூக், அடர் நீலம். ராலேயில் ஸ்டேட், சிவப்பு. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லூரி வாசலை மிதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தாத்தா எந்த நிறமோ பேரனும் அதே நிறம். கிட்டத்தட்ட குலதெய்வக் கணக்கு.

என் அலுவலக நண்பர் வெளிர் நீலப் பரம்பரை. 2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை இரவு, கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின் அரையிறுதியில் கரோலினாவும் டியூக்கும் மோதின. நூறு வருஷமாக முட்டிக்கொள்ளும் இந்த இரண்டு அணிகளும் அந்தப் போட்டியில் நேருக்கு நேர் வந்தது அதுதான் முதல் தடவை. போதாததற்கு, டியூக்கில் 42 வருஷம் கோச்சாக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கி அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். தோற்றால் அதுவே அவருக்குக் கடைசி ஆட்டம். நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாடும் உண்டு என்றார். போனேன்.

காலியாக இருந்த சோபா ஓரத்தில் உட்காரப் போனால் நாலு பேர் ஒரே குரலில் "அங்கே வேண்டாம்" என்றார்கள். அது 1993-இல் கரோலினா கோப்பை வென்றபோது நண்பரின் அம்மா உட்கார்ந்த இடமாம். அவர் இப்போது இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் இடம், ஒரு சட்டை, ஒரு குவளை. இதெல்லாம் இவர்கள் வீட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1971 முதல் 2011 வரை கரோலினா ஆட்டங்களுக்கு ரேடியோவில் வர்ணனை சொன்ன வுடி டர்ஹமே, ஆட்டம் இழுபறியாகும்போது, "நீங்கள் போகும் இடத்துக்குப் போங்கள், செய்வதைச் செய்யுங்கள்" என்பாராம். உடனே மாநிலம் முழுக்க ஆட்கள் எழுந்து, ஒருவர் சமையலறைக்கு, ஒருவர் காருக்கு, ஒருவர் கட்டிலுக்கு அடியில். டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்களாம். நண்பருக்குச் சின்ன வயதில் டிவிக்குச் சத்தம் வரும் என்பதே கார்ட்டூன் நேரத்தில்தான் நினைவுக்கு வருமாம்.

ஆட்டம் தொடங்க நேரம் இருந்ததால் பழைய கதைகள் ஓடின. ஐம்பது தாண்டியவர்கள் எல்லாம் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மண்டலப் போட்டி நடக்கும் பகல் பொழுது, டீச்சரே சக்கரம் வைத்த உயரமான மேசையில் டிவியைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குள் வருவாராம். கணக்குப் பாடம் காலி. இடையில் வரும் பைலட் லைஃப் இன்சூரன்ஸ் விளம்பரப் பாட்டை வகுப்பே சேர்ந்து பாடுமாம். எனக்காக இப்போதும் பாடினார்கள், ராகம் எங்கோ போனது. வாய்ப்பாடு மறந்திருக்கிறது, இன்சூரன்ஸ் பாட்டு ஓர் எழுத்து விடாமல் இருக்கிறது.

நண்பருடைய அக்காவின் கணவர் சிவப்பு. கலப்புத் திருமணம். 1983 இறுதி ஆட்டத்தில் ஸ்டேட் 54-52 என்று ஹூஸ்டனைக் கடைசி நொடியில் சாய்த்தபோது, கோச் ஜிம் வல்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானம் முழுக்க ஓடினார். டிவியில் அதைப் பார்த்த இந்தச் சிறுவனும் வீடு முழுக்க ஓடியிருக்கிறான். நடுராத்திரி, எல்லோரும் தூக்கம். நாய்தான் கிடைத்ததாம்.

ஆனால் அக்கா கதைதான் உச்சம். 1974 மார்ச் 2, சேப்பல் ஹில், டியூக்குடன் ஆட்டம். அக்காவுக்கு ஒன்பது வயது, அப்பா கூட்டிப் போயிருக்கிறார். பதினேழு நொடி பாக்கி, கரோலினா எட்டுப் புள்ளி பின்னால். அப்போது மூன்று புள்ளி வீச்சு என்ற ஒன்றே கிடையாது, எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி. "இனி என்ன இருக்கிறது, கார் நெரிசலுக்கு முன்னால் கிளம்பலாம்" என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் மனிதர். பார்க்கிங்கில் கார்க் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து அரங்கமே இடிந்த மாதிரி ஒரு சத்தம். வால்டர் டேவிஸ் தொலைவிலிருந்து வீசிய பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்து ஆட்டம் சமமாகியிருந்தது. திரும்ப ஓடினால் கதவில் இருந்தவர் உள்ளே விடவில்லை. கூடுதல் நேரத்தில் 96-92 என்று கரோலினா ஜெயித்ததைக் கார் ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள்.

"நெரிசல் இல்லாமல் வீட்டுக்கு வந்தோம்" என்றார் பெரியவர், எண்பது வயது, நாற்காலியில் இருந்தபடியே. 48 வருஷமாக அவருடைய வாதம் இது ஒன்றுதான். அக்கா பதில் சொல்லவில்லை. அவர் தட்டில் இருந்த கோழிக்கால் ஒன்றை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பாதியில் டியூக் 37-34. இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் என் போன் அடித்தது. ஊரில் ஞாயிறு காலை, அம்மா. எடுத்துக்கொண்டு வாசல் பக்க நடைக்குப் போனேன். நான் போனதுதான் தாமதம், கரோலினா மடமடவென்று ஏறி முந்திவிட்டது. பேசி முடித்து உள்ளே காலை வைக்கிறேன், பெரியவர் கையை உயர்த்தினார்.

"நீ எங்கே இருந்தாய்?"

"நடையில்."

"அங்கேயே நில். போனையும் வைக்காதே."

மறுபடி அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "உங்கப்பா டெண்டுல்கர் ஆடுறப்போ என்னை அடுப்படியை விட்டு வரவிட்டாரா? நில்லுடா, பாவம் பெரிய மனுஷர்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடந்த மூன்று கல்யாணத்தையும் பந்தி விவரத்தோடு ஆரம்பித்தார்.

செருப்பு அலமாரிக்கும் கோட் தொங்கும் கம்பிக்கும் நடுவில் நின்று, அந்த வரலாற்று ஆட்டத்தைக் காதால் பார்த்தேன். கடைசி அரை நிமிடத்தில் கேலப் லவ் போட்ட மூன்று புள்ளியை, யாருடைய கண்ணாடிக் குவளையோ உடைந்த சத்தமாகத்தான் எனக்குத் தெரியும். 81-77, கரோலினா. பெரியவர் கடைசி விசில் வரை அசையவில்லை. அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டுத் தட்டு நிறையச் சாப்பாடு வைக்கச் சொன்னார். ஆறியிருந்தது.

திங்கட்கிழமை கான்சஸுடன் இறுதி ஆட்டம். எனக்கு இரவு வேலை, போக முடியவில்லை. பாதியில் 40-25 என்று முன்னால் இருந்த கரோலினா 72-69 என்று தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு நண்பரிடமிருந்து குறுஞ்செய்தி: "அப்பா உன்னைக் கேட்கிறார்." அதில் ஒரு பொம்மைகூட இல்லை.

அடுத்த பருவத்துக்கு நடையில் எனக்கென்று மெத்தை வைத்த நாற்காலி, போன் சார்ஜர், தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் தயார். பருவத்தின் தொடக்கத்தில் நாட்டிலேயே முதலிடம் என்று கணிக்கப்பட்ட கரோலினா, அந்த வருஷம் தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை. நாற்காலியில் இப்போது குளிர்காலக் கோட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா மட்டும் ஞாயிறு காலையில், "இன்னைக்கு நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்.