ஆடிக் காற்றும் ஜைரோவும்

ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து, கிருஷ்ணகிரிப் பக்கம் ரிமோட் விமானம் விடும் தம்பிகள் ஜைரோ (விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் சின்னக் கருவி) வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள். நம் ஊரில் பாறைக் குன்றுகளைத் தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்று அடிக்கும்; எடை குறைந்த ஃபோம் விமானம் அதில் தள்ளாடத்தான் செய்யும். இறக்கை சாய்வதைக் கண் பார்த்து, கை குச்சியைத் தள்ளுவதற்குள், ஜைரோ அந்தத் திருப்பத்தை உணர்ந்து, இறக்கை, வால் மடல்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவை அசைத்துவிடும்.

ஆனால் காற்று விமானத்தை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போவதை அது தடுக்காது. வேகம் குறைந்து ஸ்டால் ஆனாலும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தாலும், காப்பாற்றாது. எதிர்காற்றில் இறக்கும்போது த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தை) கொஞ்சம் கூடவே வைத்திருங்கள்.

பறக்கவிடும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது, திருத்தும் திசை. விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாய்த்தால், வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்) கீழே இறங்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் (வாலில் உள்ள மடல்) மேலே எழ வேண்டும். மாறி இருந்தால் ஜைரோ சாய்வை இன்னும் கூட்டி, விமானத்தைத் தரையில் மோதவைத்துவிடும். தயவுசெய்து இதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கெயினை, அதாவது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அளவை, குறைவாக வைத்துத் தொடங்குங்கள். வேகம் 2 மடங்கானால் எய்லரானில் பிறக்கும் விசை 4 மடங்காகும். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்த கெயின், வேகமெடுத்ததும் இறக்கையைக் கிடுகிடுவென்று நடுங்க வைக்கும். உடனே த்ராட்டிலைக் குறைத்து, இறக்கிவிட்டுக் கெயினைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளியிருக்கும் விமானத்தை ஜைரோ போட்டுச் சமாளிக்க வேண்டாம். பேட்டரியை முன்னே நகர்த்தி, ஜைரோ இல்லாமலே ஒழுங்காகப் பறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.