ஓட்டுக் கட்டடம் முதல் ஆற்றுப்படுத்துநர் வரை: பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு ஆண்டுகள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், 2022 முதல் 2024 வரை பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருந்தேன். என் மகள் அப்போது அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அந்த இரண்டு ஆண்டுகளில் இடியும் நிலையில் இருந்த ஒரு கட்டடத்தை அகற்றவும், சுற்றுச்சுவர் எழுப்பவும், மனம் நொந்திருந்த குழந்தைகளுக்கு ஆலோசனை கிடைக்கச் செய்யவும் அரசு நிதியைத் தேடி அலைந்தோம். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் செல்லுபடியாகும் என்பதை நாங்கள் தவறு செய்தே கற்றோம். இப்போது குழுவில் இருக்கும் பெற்றோருக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் தீ பரவி 94 குழந்தைகள் இறந்தபோது நான் பதினோராம் வகுப்பு மாணவி. அன்று மாலை எங்கள் பள்ளி வாசலில் ஊரின் தாய்மார்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தார் என் அம்மா. எங்கள் பகுதியில் என் வயதுள்ள எவருக்கும் 'பள்ளிப் பாதுகாப்பு' என்பது சுற்றறிக்கைச் சொல்லாக மட்டும் இருக்க முடியாது.

குழுவின் முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் சுட்டிக்காட்டியது பழைய ஓட்டுக் கட்டடத்தைத்தான். அது பூட்டிக் கிடந்தது, வகுப்பு நடக்கவில்லை. ஆனாலும் அதன் தாழ்வாரத்தில் மதிய வேளையில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு, ஆபத்தான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்குமாறு மாநிலம் முழுவதும் உத்தரவு பறந்திருந்தது. அந்தக் கணக்கெடுப்பில் எங்கள் கட்டடம் 'பழுது பார்க்கத்தக்கது' என்று பதிவாகியிருந்ததைப் பின்னர்தான் அறிந்தோம்.

நாங்கள் செய்த முதல் தவறு, மனுவை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தது. ஆசிரியர்களும் பாடமும் கல்வித் துறையைச் சேர்ந்தவை என்றாலும், ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. அதை இடிக்கவும் கட்டவும் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகம்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். பி.இ.ஓ., பி.டி.ஓ. என்று ஒரே எழுத்து வித்தியாசத்தில் வழங்கும் இந்த இரண்டு பதவிகளையும் குழப்பிக்கொள்ளாத பெற்றோரை நான் இதுவரை பார்க்கவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் உண்டு: ஒருவர் கிராம ஊராட்சிகளுக்கு, மற்றவர் வட்டார ஊராட்சிக்கு. பள்ளிக் கட்டடத்தின் கோப்பு இரண்டாமவரின் மேசையில் இருக்கும். இதை எங்களுக்குச் சொன்னவர் அந்த அலுவலகத்தின் வாசலில் மனு எழுதித் தரும் முதியவர்.

அதன் பிறகு ஒழுங்காகத் தொடங்கினோம். குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதைப் பள்ளிக் கல்வித் துறையின் 'பெற்றோர்' கைபேசிச் செயலியில் தலைமையாசிரியர் மூலம் பதிவேற்றினோம். 2023 ஜனவரி 26 கிராம சபையில் அதே தீர்மானத்தை ஊராட்சியின் தீர்மானமாகவும் நிறைவேற்றச் செய்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவுக்கே தருகிறது என்பதையும், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதியே என்று கும்பகோணம் தீ விபத்தையொட்டிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் மனுவின் முதல் பத்தியில் எழுதினோம். இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்டோம். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனுவுக்குச் சமம்.

பொறியாளர் வந்த நாள் எனக்கு மறக்காது. அவர் ஏணியில் ஏறி, கையிலிருந்த திருப்புளியை ஒரு கைமரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினார். அது பிடி வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கறையான் மண் சரம்போல் கொட்டி, கீழே நின்ற தலைமையாசிரியையின் தோளில் விழுந்தது. கீழிறங்கிய அவர், "அம்மா, உங்கள் தீர்மானத்தில் 'பழுது' என்று இருந்தால் நான் பழுதுபார்க்கத்தான் மதிப்பீடு போட முடியும். 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது, இடிக்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையே கூட்டம் போட்டு வாசகத்தை மாற்றினோம். இடிப்பதற்கான மதிப்பீடு, ஒன்றியக் குழுவின் தீர்மானம், மரத்துக்கும் ஓட்டுக்கும் ஏலம் என்று கோப்பு நகர்ந்தது. நடுவில் ஆறு வாரம் அசையாமல் நின்றபோது, தஞ்சாவூருக்குப் போய்த் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, அந்த மனு எண்ணை ஒன்றிய அலுவலகத்தில் சொன்னோம். மே மாத விடுமுறையில் கட்டடம் இடிக்கப்பட்டது.

பள்ளியின் கையில் நேரடியாக இருக்கும் பணம் என்றால் அது சமக்ர சிக்ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் ஒன்றுதான். 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். எங்கள் பள்ளியில் 142 பேர். அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். பணம் கணக்கில் வந்து உட்காருவதில்லை. இவ்வளவு வரை செலவிடலாம் என்ற வரம்பு மட்டும் இணையத்தில் காட்டப்படும். கடைக்காரரின் கணக்கு எண்ணைப் பதிந்து, ஒப்புகைத் தாளில் நானும் தலைமையாசிரியையும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாத வரம்பு திரும்பிப் போய்விடும் என்பதால், நாங்கள் டிசம்பரிலேயே விலைப்புள்ளிகள் வாங்கி வைத்துக்கொண்டோம். அந்தத் தொகையில் மின்கம்பிகளை மாற்றி, சமையல் கூடத்துக்கும் வகுப்பறைகளுக்குமாக இரண்டு தீயணைப்பான்கள் வாங்கினோம். எனக்கு எல்லாவற்றையும்விட மனநிறைவு தந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் ஊசியை இழுத்துப் பழகிய அந்த ஒரு பிற்பகல்.

சாலையோரச் சுற்றுச்சுவருக்கு அந்த மானியம் எந்த மூலைக்கும் போதாது. அதற்கு 'நமக்கு நாமே' திட்டத்தை நாடினோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் செலுத்தினால் மீதியை அரசு தரும். முன்னாள் மாணவர்களும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து ஏழு வாரத்தில் தொகையைத் திரட்டினார்கள். நிர்வாக அனுமதி கிடைத்த பிறகு வேலை விரைவாகவே நடந்தது.

இத்தனை மாதம் செங்கல்லையும் கம்பியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, பாதுகாப்பின் மறுபாதியை நினைவூட்டியது 'மாணவர் மனசு' பெட்டி. குழந்தைகள் தங்கள் குறையை எழுதிப் போடுவதற்காகப் பள்ளிகளில் வைக்கப்பட்ட பெட்டி அது. எங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியை அறையின் வாசலிலேயே மாட்டப்பட்டிருந்ததால், எவரும் எதையும் போடவில்லை. அதைக் குடிநீர்த் தொட்டிக்கு அருகே மாற்றச் சொன்னேன். மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்தபோது, நான்காக மடித்த ஒரு கோடுபோட்ட தாள் இருந்தது. "ராத்திரி தூக்கம் வரல. ஸ்கூல விட்டு நிக்கச் சொல்றாங்க" என்று அதில் எழுதியிருந்தது. 'நிக்க' என்ற சொல்லை இருமுறை அடித்துத் திருத்தியிருந்தது அந்தக் கை. குழந்தையின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே மேற்கொண்டு எழுதுகிறேன்.

அந்தக் குழந்தையின் தந்தை முந்தைய ஆண்டு இறந்திருந்தார். வகுப்பாசிரியர் அன்போடு பேசினார், நாங்களும் பேசினோம். ஆனால் அன்பு வேறு, பயிற்சி பெற்ற ஒருவர் முறையாகக் கேட்பது வேறு. ஆலோசகருக்கு ஊதியம் தரப் பள்ளி மானியத்தில் இடமில்லை. எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளியில் அப்படியொரு பணியிடமும் கிடையாது. சுவருக்கு மதிப்பீடு போடப் பொறியாளர் ஏணியோடு வருகிறார். தூங்காத குழந்தைக்கு மதிப்பீடு போட யாரும் வருவதில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது. இந்த வருத்தத்தைக் குழுத் தீர்மானமாகவே எழுதி, தொடர்ந்து மூன்று கூட்டங்களில் பதிவு செய்தோம்.

வழி காட்டியவர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசிய பெண். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதியில் அங்கே ஆற்றுப்படுத்துநர், அதாவது பயிற்சி பெற்ற ஆலோசகர், பணியமர்த்தப்பட்டிருக்கிறார். பள்ளி எழுதிக் கேட்டால் அவர் நேரில் வருவார் என்றார். தலைமையாசிரியை கடிதம் எழுதிய இருபதாம் நாள் அவர் வந்தார். பேசுவதற்குத் தனி இடம் கேட்டபோதுதான், கதவை மூடி ஒரு குழந்தையை உட்காரவைத்துப் பேச எங்கள் பள்ளியில் அறையே இல்லை என்பது உறைத்தது. புத்தகங்கள் அடுக்கியிருந்த சிற்றறையை அன்று காலையிலேயே ஒழித்துக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு மானியத்தில் அதற்கு ஒரு மின்விசிறியும் இரண்டு நாற்காலிகளும் வாங்கினோம். ஆலோசனைக்காக நாங்கள் பள்ளி நிதியில் செய்ய முடிந்தது அவ்வளவே.

நான்கு முறை பேசிய பிறகு அவர் கண்டறிந்தது, குழந்தையின் அச்சத்துக்கு அடியில் வறுமை இருந்தது என்பதை. அதே அலகின் வழியாக நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். தந்தையை இழந்து தாயின் ஆதரவில் வாழும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தத் தாயிடம் இருந்த வருமானச் சான்று கணவர் உயிரோடிருந்தபோது பெற்றது. அதை அப்படியே இணைத்திருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றிருக்கும். இறப்புச் சான்றைக் காட்டி இ-சேவை மையத்தில் புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் செய்து, தலைமையாசிரியையிடம் படிப்புச் சான்று வாங்கி, குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க இரண்டு மாதம் பிடித்தது. கணக்கு தொடங்க மட்டும் அந்தத் தாய் ஐந்து நாள் கூலியை இழந்தார். ஆறாவது முறை நான் உடன் போனேன், அன்று முடிந்தது. விண்ணப்பித்த ஏழாவது மாதத்தில் முதல் தவணை வந்தது.

2024 ஆகஸ்டில் குழு மறுபடி அமைக்கப்பட்டபோது, தீர்மானங்கள், முத்திரையிட்ட நகல்கள், மனு எண்கள் அடங்கிய கோப்பைப் புதிய தலைவியிடம் ஒப்படைத்தேன். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு விடுவிக்காததைச் செய்திகளில் படித்தபோது, எங்கள் தீயணைப்பான்களை மறுநிரப்பு செய்ய வேண்டிய மாதம் அதுதான் என்று அவருக்குத் தொலைபேசியில் நினைவூட்டினேன். ஊராரிடம் வசூலித்து நிரப்பிவிட்டதாகச் சொன்னார். இரவு நேரத்தில் பிள்ளைகளோ பெற்றோரோ அழைத்துப் பேசுவதற்கான 14416 மனநல உதவி எண்ணையும் 1098ஐயும் சிற்றறையின் கதவில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆற்றுப்படுத்துநரை மாதம் ஒருமுறை தவறாமல் பள்ளிக்கு அனுப்பக் கோரும் எங்கள் தீர்மானம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் அதை மீண்டும் வைக்கப்போகிறார்கள், நானும் போகிறேன்.