பட்டன் தேயாத டயர்

எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியிருக்காவிட்டால் அந்த எண் என் கண்ணில் பட்டிருக்காது.

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை. அரிசோனாவின் சாண்ட்லர் நகரில், மாத வாடகைக்கு எடுத்த திறந்தவெளி இடத்தில் நிற்கும் எங்கள் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை, அன்று காலைதான் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்திருந்தேன். குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி அது வாசலில் நிரந்தரமாக நிற்கக்கூடாது. பயணத்துக்குச் சாமான் ஏற்ற ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் பழம் வைத்தேன். எங்கள் வாசல் சரிவானது. நான்கில் ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்க மல்லாந்து உள்ளே நுழைந்தபோது, டயரின் உட்பக்கச் சுவரில், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் தெரிந்தன: 4017.

2017-ஆம் ஆண்டின் 40-ஆவது வாரம். அக்டோபர் முதல் வாரத்தில் பிறந்த டயர். ஏழு வயது நிறைந்த கையோடு அதற்கு நான் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.

தயாரித்த வாரமும் ஆண்டும் இப்படி டயரில் பொறிக்கப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. 2020-இல் இந்த டிரெய்லரைப் பழையதாக வாங்கிய நாளிலேயே தேடினேன். ஆனால் முழு வரிசையையும் ஒரு பக்கச் சுவரில் மட்டும் பொறித்தால் போதும் என்பதால், மறுபக்கத்தில் பாதி எழுத்துகளே இருக்கலாம். என் டயர்கள் நான்கிலும் அந்தப் பாதிதான் வெளியே தெரிந்தது. விற்றவர் "டயர் எல்லாம் புதிது மாதிரி" என்றார். பட்டனை, அதாவது சாலையில் படும் ரப்பர் புடைப்புகளை, பார்த்தேன். புதிது மாதிரிதான் இருந்தது. தேடுவதை விட்டுவிட்டேன்.

நான் நாமக்கல்காரன். மாமா இரண்டு லாரி வைத்திருந்தார். டயரை எப்படிப் பார்ப்பது என்பதை அவர் பட்டறையில்தான் கற்றேன்: பட்டனுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார், நகம் முழுகினால் ஓட்டு, முழுகாவிட்டால் ரீட்ரெடிங்குக்கு அனுப்பு. அங்கே அது சரியான பாடம். லாரி டயர் இரவு பகலாக ஓடுகிறது, தேய்கிறது, புதுப் பட்டன் ஒட்டிக்கொண்டு திரும்புகிறது, மறுபடி தேய்கிறது. முதுமையடைய அதற்கு நேரமே கிடைப்பதில்லை. என் டிரெய்லர் டயருக்கோ நேரம் மட்டுமே இருந்தது. ஆண்டுக்கு ஐந்தாறு பயணம், மிஞ்சினால் இரண்டாயிரம் மைல். மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில், அதே பாகத்தில் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்பது.

நிற்பதுதான் கேடு. வெயிலும் ஓசோனும் ரப்பரை அரிக்காமலிருக்க அதில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்புப் பூச்சாகப் படியும். நிற்கும் டயரில் அந்தக் கசிவு மந்தமாகிவிடுகிறது. இன்னொரு வேலை உள்ளேயிருந்து நடக்கிறது. அழுத்தி அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன், ரப்பரினூடே மெல்ல ஊடுருவி, எஃகுக் கம்பிப் பட்டைகளைப் பிடித்திருக்கும் ரப்பரைக் கடினமாக்குகிறது. வெப்பம் ஏற ஏற இது வேகம் பிடிக்கும். அந்த ஆண்டு எங்கள் பீனிக்ஸ் வட்டாரத்தில் தொடர்ந்து 113 நாள் வெயில் 100 டிகிரியைத் தொட்டது. என் டிரெய்லர் அத்தனை நாளும் கூரையில்லாத மைதானத்தில் நின்றது.

அடியிலிருந்து வெளியே வந்ததும் டார்ச் எடுத்து நான்கையும் பார்த்தேன். வாடகை இடத்தில் வண்டியின் வலப்பக்கம் மேற்கு நோக்கி நிற்கும். அந்தப் பக்கத்து இரண்டு டயர்களிலும் தலைமுடி கனத்தில் வெடிப்புகள், காய்ந்த ஏரிச்சேறு போல. இடப்பக்கம் வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பை நம்பியதற்கு மறுநாளே பதில் கிடைத்தது.

எதிர்வீட்டுக்காரர் முப்பது ஆண்டு நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்க வந்தவர், 4017-ஐக் கேட்டதும் பழத்தை மறந்துவிட்டார். "இன்றைக்கே மாற்றிவிடு. கார் நிறுவனங்களே பட்டன் இருந்தாலும் ஆறு ஆண்டில் மாற்று என்கின்றன. சில டயர் நிறுவனங்கள் பத்து ஆண்டு வரை விடுகின்றன, அதுவும் ஐந்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதித்தால். டிரெய்லர் டயரில் நான் ஐந்துக்கு மேல் போகமாட்டேன். அதுவும் இந்த ஊரில்." அவர் சொல்லி முடித்தபோது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. மறுநாள் காலை பேஜ் நகருக்குக் கிளம்ப வேண்டும். பவல் ஏரிக்கரையில் வாவீப் முகாமில் இடம் பதிவு செய்து மாதக்கணக்காகிறது.

இரவு மாமாவை அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது.

"பட்டன் எவ்வளவு இருக்கிறது மாப்பிள்ளை?"

"புதிது மாதிரிதானுங்க மாமா."

"அப்புறம் என்ன?"

எனக்கு வேண்டிய பதிலைச் சொல்லக்கூடியவர் யார் என்று தெரிந்துதான் அழைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் நான்கு பழங்களையும் நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

வழியில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏறினேன். டிரெய்லரின் இரண்டு அச்சுகளிலும் சேர்த்து 6,340 பவுண்டு. டயர் ஒன்றின் உச்சத் தாங்கு எடை, 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில், 1,760 பவுண்டு; நான்குக்கும் 7,040. மிச்சம் பத்து சதவீதம், அதுவும் நான்கும் சமமாகச் சுமந்தால். சமமாகச் சுமப்பதில்லை. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, வெளியே நீளும் அறை எல்லாம் இடப்பக்கம். நிறுவனம் விதியை மீறவில்லை. விதிக்கு விளிம்பில் டயர் போட்டு அனுப்பியிருந்தது. புதிய டயருக்கே நெருக்கடியான கணக்கு. ஏழு வயது டயரைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்வதில்லை.

எடைச்சீட்டைப் பார்த்த மனைவி, "இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் 75 மைல் வரை போகலாம். உச்ச வேகத்தைக் காட்டும் குறி எதுவும் பொறிக்காத பழைய டிரெய்லர் டயருக்கு 65 மைல்தான் எல்லை. நான் 58-இல் போனேன். பீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை சாலை பெரும்பாலும் ஏற்றம்தான். சுமார் 1,100 அடியில் தொடங்கி 7,000 அடிக்கு. சகுவாரோ கள்ளிகள் போய், புதர்கள் போய், பைன் மரங்கள் வந்தன. கண்ணாடியை இறக்கியதும் பயணத்தின் முதல் குளிர்ந்த காற்று. டயர் அழுத்தம் காட்டும் கருவியில் நான்கு எண்களும் ஒன்றுபோல் 57, 58. கருவியைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஃபிளாக்ஸ்டாஃபைத் தாண்டி 89-ஆம் எண் சாலையில் ஐம்பது மைலில் கேமரன், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்தில். லிட்டில் கொலராடோ ஆற்றின் மேல் 1911-இல் கட்டிய தொங்குபாலம் இன்னும் நிற்கிறது. அங்கே டீசல் போட நிறுத்தினோம். மனைவி புளிசாதத்தையும் பூஜைச் சுண்டலையும் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் சொன்னபடி, நிறுத்தும் இடத்திலெல்லாம் டயரைத் தொட்டுப் பார்ப்பது என்று வைத்திருந்தேன். வலப்பக்கம் இரண்டும் சரி. இடப்பக்கம் முன் டயரில், பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து அகலவாக்கில் நகர்த்தியபோது, ஒரு கையகல இடம் மட்டும் மேலே எழும்பியிருந்தது. எண்ணெயில் விழுந்த பூரி உப்பத் தொடங்கும் முதல் நொடியைப் போல. கண்ணுக்குச் சட்டென்று தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. மற்ற இடத்தைவிட அந்த இடம் சூடாகவும் இருந்தது.

உள்ளே கம்பிப் பட்டை பிரிந்துவிட்டது என்று பொருள். காற்று இறங்கவில்லை, அதனால் கருவி வாயைத் திறக்கவில்லை. இன்னும் சில மைல் போயிருந்தால் பட்டன் முழுவதும் தோலாக உரிந்து, மட்கார்டையும் அடியில் ஓடும் எரிவாயுக் குழாயையும் அடித்துப் பெயர்த்திருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு டயர்கள் இருக்கின்றனவே என்ற ஆறுதலும் பொய். ஒன்று போனால் அதன் சுமையும் பக்கத்து டயரின் தலையில் ஏறும். அன்றைக்கே வெடிக்காவிட்டாலும் அதை நம்ப முடியாது.

வெடிப்பு விழுந்த மேற்குப் பக்கம் தப்பித்தது. வழவழப்பான கிழக்குப் பக்கம் வீங்கியது. வெயில் காட்டிய அடையாளத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமையும் முகாம்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது விழுந்த திருகலும் வெளியே எதையும் எழுதிவைக்கவில்லை. அந்தத் திருகலை ஒருமுறை கீழே நின்று பார்த்தால் போதும். இரண்டு அச்சு வண்டியைக் குறுக்கலாகத் திருப்பும்போது முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் மறுபக்கமும் இழுபட்டு, ரிம்மிலிருந்து கழன்றுவிடுமோ என்னும் அளவுக்குச் சாயும். பட்டனுக்கு அதில் தேய்மானம் கொஞ்சம்தான். உள்ளே கிழிகிறது.

ஜாக்கி போடவில்லை. நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பின் சக்கரத்தை மரக்கட்டைகள் மேல் ஏற்றினால் முன் சக்கரம் தானே தரையை விட்டு எழும்பும். ஸ்டெப்னியை மாட்டினேன். அதுவும் 4017. ஏழு ஆண்டாகப் பின்பக்கத்தில் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு மைல்கூட ஓடாமல். வேறு வழியில்லை. பேஜுக்கு எண்பது மைல். 45-க்கு மேல் போகவில்லை. தி கேப் என்ற சிற்றூரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கினேன். பிட்டர் ஸ்பிரிங்ஸ் அருகே மலையைக் குடைந்து சாலை மேலேறும் இடம் வந்தது. 2013 பிப்ரவரியில் நிலச்சரிவில் விரிசல்விட்டு, 2015 மார்ச்சில்தான் திறந்த சாலை. மேலிருந்து பார்த்தால் செம்மண் சமவெளியில் கொலராடோ ஆறு வெட்டிய பிளவு கோணல்மாணலாக ஓடுகிறது. நான் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் அந்த ஸ்டெப்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் மகளும் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்கள்.

ஞாயிறு கடை இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு டயர் கடை வாசலில் நின்றால் பூட்டியிருந்தது. மணி ஏழுதான். அரிசோனா கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சுற்றியுள்ள நவஹோ நிலம் மாற்றுகிறது. என் கைப்பேசி நவஹோ நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பட்டனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தரையில் படுத்து எண்ணைப் படித்தார், எழுந்து "நான்குமா?" என்றார். அதே அளவில் அதிகம் தாங்கும் 'டி' வகை டயர்: 65 பி.எஸ்.ஐ. காற்றில் ஒன்றுக்கு 2,040 பவுண்டு. ரிம் அந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்று உட்புற முத்திரையைப் பார்த்துச் சொன்னார். ரப்பர் வால்வுகளைக் கழற்றி உலோக வால்வு போட்டார். கையிருப்பில் இரண்டுதான் சரிவந்தன. மூன்றாவதாக அவர் எடுத்து வந்த 'புது' டயரின் எண்ணை நான் படித்தேன்: அதற்கே இரண்டு வயது. ஐந்தாண்டுக் கணக்கில் இரண்டை அலமாரியிலேயே செலவழித்த டயர். வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; மற்ற இரண்டையும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து செவ்வாய்க்கிழமை வரவழைத்தார். எண் வெளிப்பக்கம் தெரிய மாட்டுங்கள் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார். எல்லாம் சேர்த்து 700 டாலரைத் தாண்டியது. நான்கு நாள் முன்பு இதே தொகைக்காகத்தான் மாமாவிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தேன்.

கூடுதலாகக் கிடைத்த நாளில், கொலராடோ ஆறு குதிரைலாடம் போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு இரண்டாம் முறை போனோம். முதல் முறை போனது ஞாயிறு நடுப்பகல். ஆயிரம் அடி கீழே ஆறு தகடுபோல் வெளிறிக் கிடந்தது. இம்முறை காலை, வளைவில் பாதி நிழல், மீதியில் தண்ணீர் கரும்பச்சை. விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்க்கவும் எனக்கு மனம் இருந்தது.

வீடு திரும்பிய இரவு மாமா அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பூரிக் கதையைக் கவனமாகக் கேட்டார்; பட்டை பிரிந்தது என்றதும் 'ம்' என்றார், தொழில் தெரிந்தவர். பிறகு கேட்டார்:

"பழைய டயரை என்ன விலைக்குக் கொடுத்தாய்?"

"கொடுக்கவில்லைங்க மாமா. எடுத்துக்கொள்ள நான்தான் டயருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டினேன்."

நீண்ட மௌனம். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பட்டன் தேயாத டயரை?"

"ஆமாங்க."

"சரி. ஸ்டெப்னியை மாற்றினாயா?"

கடைக்காரர் அதைத் திரும்பப் பின்பக்கத்தில் மாட்டி, உறையையும் போட்டுவிட்டிருந்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே உள்ளூரில் ஐந்தாவது டயர் வாங்கினேன், பேஜைவிட இருபது டாலர் அதிகம்.