கதவு நோட்டு

மாதக் கடைசி மூன்று நாட்கள் எங்கள் கணக்குப் பிரிவில் யாரும் யாரிடமும் "மூட் இருக்கா?" என்று கேட்பதில்லை. வங்கி அனுப்பிய ஸ்டேட்மென்டும் எங்கள் லெட்ஜரும் டேலி ஆக வேண்டும், ஆகிறவரை உட்கார வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த மாதம் உத்வேகம் வரவில்லை என்று சொல்லி ஒரு தடவைகூடக் கணக்கை முடிக்காமல் விட்டதில்லை. அதே ஆள்தான் ஒன்பது வருடமாகப் புத்தகங்களைப் பற்றி இணையத்தில் எழுதி வருகிறேன். உத்வேகம் இல்லை என்ற காரணத்துக்காக இதில் எத்தனை மாதம் ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன் என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணவில்லை.

ஆரம்பம் சாதாரணமானது. மதிய இடைவேளையில் நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் போன் வந்துவிட்டது. மறுநாள் வந்ததும் வராததுமாக, "அக்கா, அந்தப் புத்தகத்துல அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். மீதிக் கதையைச் சொல்லிவிட்டால் அவள் படிக்க மாட்டாள். சொல்லாமலும் விட முடியவில்லை. அன்று இரவு ஒரு பக்கம் எழுதி அவளுக்கு அனுப்பினேன். முடிவைச் சொல்லாமல் ஆசையை மட்டும் தூண்டுகிற மாதிரி எழுதுவதில் ஒரு சுகம் இருந்தது. அதை இணையத்திலும் போட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புத்தகம் என்று ஆகிவிட்டது.

உள்ளுக்குள் இருந்த கணக்கு வேறு. எனக்குக் கதை எழுத வேண்டும். இதெல்லாம் அதற்கான பயிற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை நாங்கள் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்ததும் எடுத்துச் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும். என் நாவலும் அந்தக் கணக்கில்தான் ஏழு வருடம் கிடந்தது.

முதலில் என்னைக் கெடுத்தது எண்ணிக்கை. குட்ரீட்ஸ் தளத்தில் வருட ஆரம்பத்தில் இத்தனை புத்தகம் படிப்பேன் என்று ஒரு இலக்கு வைத்துக்கொள்ளலாம். நான் 52 என்று போட்டேன். வாரம் ஒன்று, பார்க்க அழகாக இருந்தது. நவம்பர் கடைசியில் பார்த்தால் 39. டிசம்பரில் அலமாரி முன்னால் நின்றுகொண்டு புத்தகங்களின் முதுகைத் தடவிப் பார்த்து மெலிந்தவையாக எடுத்தேன். கவிதைத் தொகுப்பு, நீண்ட சிறுகதையைத் தனிப் புத்தகமாகப் போட்டது, இப்படி. கவிதையை அந்த வேகத்தில் படிப்பது கவிதைக்குச் செய்கிற அநியாயம். இலக்கு நிறைவேறியது, தளம் வாழ்த்தும் சொன்னது. அந்த பதின்மூன்று புத்தகங்களில் ஒன்றின் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில் இல்லை.

பார்வை எண்ணிக்கையும் அதே ஜாதிதான். ஒரு மொழிபெயர்ப்பு நாவலை இரண்டு தடவை படித்து, பதினொரு நாள் திருத்தித் திருத்தி ஒரு கட்டுரை எழுதினேன். 43 பேர் பார்த்தார்கள். ஒரே மூச்சில் படிக்கப் பத்துப் புத்தகங்கள் என்று நாற்பது நிமிடத்தில் தட்டிப் போட்ட பட்டியல் ஒரு வாரம் ஓடியது. அடுத்த மாதம் நான் எதை எழுதியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியல் போடுவது தப்பில்லை. ஆனால் மூன்றாவது பட்டியலில், நான் முழுதாகப் படிக்காத புத்தகம் ஒன்று ஏழாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு ஓசிப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. எழுதியவரே கையெழுத்திட்டு, 'தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறேன்' என்ற சீட்டோடு அனுப்புவார். முதல் பார்சலைப் பிரித்தபோது ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி பெருமையாக இருந்தது. பதினைந்தாவது பார்சலைப் பிரிக்கவே இல்லை. நன்றாக இல்லாத புத்தகத்துக்கு எழுத எனக்கென்று ஒரு பாஷை உருவாகியிருந்தது: 'எளிய நடை', 'முக்கியமான முயற்சி', 'இன்னும் செறிவாக்கியிருக்கலாம்'. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் ரெடிமேட் சட்டைகள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் புத்தக மதிப்புரை எழுதுகிறவரின் பிழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து புத்தகங்கள் ஒரே கட்டாக வந்து மேஜையில் கிடக்கும், மறுநாள் மதியத்துக்குள் எண்ணூறு வார்த்தை கொடுத்தாக வேண்டும். அந்த மனிதரின் அவஸ்தையைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெரும்பாலான புத்தகங்களைப் பேசாமல் விட்டுவிட்டு, முக்கியம் என்று படுகிற சிலவற்றுக்கு மட்டும் நீளமாக, குறைந்தது ஆயிரம் வார்த்தையாவது எழுதுவதே நல்லது என்கிறார். சம்பளத்துக்கு எழுதியவருக்கு அது முடியாமல் போயிருக்கலாம். எனக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? யாரும் கேட்காத வேலைக்கு நானே கெடு வைத்து, அந்தக் கெடுவுக்கு நானே பயந்துகொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சிறுகதையை முடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அம்மா இறந்த பிறகு அக்காவும் தங்கையும் வீட்டைக் காலி செய்கிற கதை. இரண்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. கதையில் வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதைக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி பேசுகிறார்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் எடுத்துப் படித்தால், மனுஷர் சொன்னது சரி. தங்கை அம்மாவின் அறைக்குள் வருகிற இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'அவளுடைய மௌனத்தில் ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பின் கனம் இருந்தது.' வருடக்கணக்கில் அடுத்தவர்களின் கதைகளைப் பற்றி நான் எழுதிவந்த அதே வாக்கியம். இழப்பு, கனம், மௌனம் எல்லாம் வந்துவிட்டன, தங்கையைத்தான் காணோம்.

அந்த ஒரு வரியை மாற்ற மூன்று வாரம் ஆனது. இப்போது இப்படி இருக்கிறது: 'சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எது எந்தப் பூட்டுக்கு என்று அம்மாவுக்குத்தான் தெரியும். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.' பெரிய வரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை எழுதிய அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலி தெரியவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான்: மதிப்புரை எழுதுவது எனக்குப் பயிற்சியாக இருக்கவில்லை, ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. கதை எழுத உட்கார்ந்தால் தோற்க வாய்ப்பு உண்டு. அடுத்தவர் கதையைப் பற்றி எழுதினால் ஞாயிறு மாலைக்குள் ஏதாவது ஒன்று முடிந்திருக்கும், நாலு பேர் நன்றாக இருக்கிறது என்பார்கள், எழுதினேன் என்ற திருப்தியும் கிடைத்துவிடும். புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சோர்ந்துபோவது வேலை அதிகம் என்பதால் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத வேண்டியது ஒன்று, எழுதிக்கொண்டிருப்பது வேறொன்று என்று உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது. குறைந்தபட்சம் என் விஷயத்தில் அப்படித்தான்.

இரண்டும் சேர்ந்து போக முடியாது என்றில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் ஆரம்பித்து 1970 வரை 'எழுத்து' பத்திரிகையை நடத்தினார். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் அந்தப் பத்திரிகை செய்ததைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதையும் சொல்கிறோம். ஆனால் அவர் முதலில் சிறுகதைக்காரர். மூன்று பாகமாக எழுதிய பெரிய நாவல் அச்சில் வந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1998-இல் அவர் மறைந்த பிறகு, 2001-இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறதே! மறுநாள் காலை பல் தேய்க்கும்போது பயம் வந்தது. எண்பதுவரை இருப்பேன் என்று எனக்கு யார் எழுதிக்கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகுதான் கதவு நோட்டைப் போட்டேன்.

பழைய வவுச்சர் பதிவு நோட்டு ஒன்று, பாதிப் பக்கம் காலியாக இருந்தது. முதல் பக்கத்தில் 'கதவு' என்று எழுதினேன். என் கதைகளில் எனக்குப் பெரிய தலைவலி, ஒரு ஆளை அறைக்குள் கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும். உள்ளே வந்தவள் வந்தபடி நிற்பாள், கிளம்பச் சொல்ல எனக்கு வழி தெரியாது. அதனால் படிக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த இடத்தை மட்டும் பார்த்து எழுதி வைக்க ஆரம்பித்தேன். சிலர் கதவையே எழுதுவதில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும், ஒரு இடைவெளி விட்டால் ஆள் தெருவில் இருப்பான். சிலர் செருப்பை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் கதையில் மாமனார் வீட்டுக்குள் வருவதே இல்லை, அவருடைய இருமல் மட்டும் வருகிறது. வீட்டிலிருக்கும் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும் விதம் மாறுகிறது. அந்தப் பத்தியை நோட்டில் கையால் முழுதாக எழுதினேன். கண்ணால் படிக்கும்போது தெரியாத ஒன்று எழுதும்போது தெரிந்தது: 'திடீரென்று' என்ற சொல்லே அதில் இல்லை. என் கதையில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

நோட்டு வந்த பிறகு நான் எழுதும் மதிப்புரைகளும் மாறின. இந்த நாவல் மனித உறவுகளின் சிக்கலைப் பேசுகிறது என்று எழுத கை வரவில்லை. எந்த நாவல்தான் பேசவில்லை? அதற்குப் பதிலாக, ஒரே ஒரு காட்சியை எடுத்து அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதினேன். பைக்கைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுகிற மெக்கானிக் மாதிரி. சில சமயம் ஒரு நட்டு மிஞ்சிவிடும், அதையும் எழுதினேன். வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்று ஆனது. வாசகர்கள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். வலிக்கவில்லை என்றால் பொய். எட்டு மாதம் கழித்து, யாரென்றே தெரியாத ஒருவர் கடிதம் எழுதினார். அந்த இருமல் காட்சியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பரணில் போட்ட தன் கதையை எடுத்து அப்பா பாத்திரத்தை அறைக்கு வெளியே வைத்து எழுதிப் பார்த்தாராம். கதை சரியாக வந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேர விஷயத்தில் ஆண்டனி டிரோலப்பைக் காப்பியடிக்கப் பார்த்தேன். ஆங்கில நாவலாசிரியர், தபால் துறையில் 33 வருடம் வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதினார். மொத்தம் 47 நாவல். தன்னை எழுப்பிவிடுகிற வேலையாளுக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். அவர் இறந்த மறுவருடம், 1883-இல், சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கெல்லாம் தெரிந்ததும் சிலர் முகம் சுளித்தார்கள். கலையைக் கிளார்க் வேலை மாதிரி செய்திருக்கிறாரே என்று. கிளார்க்காக இருக்கும் எனக்கு இதில் சுளிக்க எதுவும் தெரியவில்லை.

ஆனால் அவருடைய வேகம் எனக்கு ஆகவில்லை. முதல் நாள் கால் மணியில் 31 வார்த்தை, அதில் பாதி அடித்தல். கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். இப்போது காலை 25 நிமிடம் கதைக்கு. அது முடியாமல் கதவு நோட்டைத் தொடுவதில்லை, மதிப்புரையைப் பற்றி நினைப்பதும் இல்லை. முன்பு வரிசை தலைகீழாக இருந்தது. வேறு பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. நல்ல நாளில் 120 வார்த்தை வரும். மோசமான நாளில் தங்கையின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரையே திரும்பப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அதையும் எழுதிய நாளாகவே குறித்துக்கொள்கிறேன்.

பொறாமையும் இருக்கிறது. என்னோடு சேர்ந்து புத்தகங்களைப் பற்றி எழுத ஆரம்பித்த ஒருவருக்கு இரண்டாவது நாவல் வந்துவிட்டது. வாழ்த்துச் செய்தியை மூன்று முறை அடித்து அழித்துத்தான் அனுப்பினேன். நாவலை வாங்கினேன். நன்றாக இருக்கக் கூடாதே என்று உள்ளூர ஒரு ஆசையோடு படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நன்றாக இருந்தது. கதவு நோட்டில் அவருடைய பெயரில் இப்போது நான்கு பதிவுகள்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-இல் வெளியான ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர்கள் சொல்கிற யோசனைகளில் பாதி அவரவர் உடம்புக்கு மட்டும் ஒத்துவருபவை. இது எனக்கும் ஒத்துவந்தது, அதுவும் மாதக் கடைசியில். அந்த மூன்று நாள் காலையும் அலுவலகத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டுத் திருப்தியாகக் கணக்குக்குள் இறங்குவேன். திரும்பி வந்தால் வெறும் தாள் இருக்கும், ஒரு வாரம் போய்விடும். இப்போது வேண்டுமென்றே வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டு வருகிறேன்.

இன்று 29-ஆம் தேதி. அக்கா வாசலில் நிற்கிறாள். பெட்டி கையில் இருக்கிறது, தங்கை உள்ளே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அக்கா கதவைத் தட்ட மாட்டாள், அது அவள் பிறந்த வீடு. கூப்பிடவும் மாட்டாள், போன வருடம் நடந்த சண்டை அப்படி. அவள் எப்படி உள்ளே வரப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். 'பெட்டியைக் கீழே வைக்காமலே அவள்' என்பதுவரை எழுதியிருக்கிறேன். ரசீது ஒன்று இடிக்கிறது, லெட்ஜரில் இருக்கிறது, வங்கியில் இல்லை. அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும்.