சுற்றப்பட்டே கிடந்த செய்தித்தாள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது வாரம், பள்ளிவிட்டு வந்த பேத்தியைப் பார்த்ததும் விம்மி விம்மி அழுதார். ஒரே நிமிடம், சட்டென்று நின்றுவிட்டது. அப்புறம் நாதஸ்வரம் கேட்டால் அழுகை, "சாப்பிட்டீர்களா" என்றால் அழுகை. பெரியப்பாவின் துக்க வீட்டில் மட்டும் தோள் குலுங்கச் சிரித்தார். அத்தை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

மனம் விட்டுவிட்டார், தைரியம் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

நரம்பியல் மருத்துவரிடம் போனால் ரத்த அழுத்தம், கையின் பலம், மாத்திரைச் சீட்டு, அடுத்த ஆள். இரண்டு முறை வாயைத் திறக்காமலே வெளியே வந்தேன். மூன்றாம் முறை, எப்போது அழுதார், எவ்வளவு நேரம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மேசைமேல் வைத்தேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

அந்த மனநல மருத்துவர் அம்மா என்னை விட்டுவிட்டு அப்பாவிடமே பேசினார். "அழும்போது உள்ளே துக்கமாக இருக்கிறதா?"

"இல்லை. தானாக வருகிறது. வெட்கமாக இருக்கிறது" என்றார் அப்பா, குழறும் நாக்கால். இத்தனை நாளில் எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அழுகைக்கும் சிரிப்புக்கும் கடிவாளம் போடும் மூளைப் பாதைகள் அடிபட்டதால் வருவது அது என்றார். அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது: "பேப்பர் படிக்கிறாரா?" டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படிக்கிற ஓய்வுபெற்ற கண்டக்டர் அவர். ரப்பர் பேண்டு கழற்றாத பேப்பர்கள் திண்ணையில் குவிந்திருந்தன. ஓய்வெடுக்கிறார், நல்லதுதான் என்றிருந்தோம். மனச்சோர்வு அங்கேதான் இருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருமாம். உயிரோடு இருக்க வேண்டாமென்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். அப்பா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஆமென்று தலையசைத்தார். மாத்திரை டப்பாவை என்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லி, சீட்டின் ஓரத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதினார்.

அழுகை, மனச்சோர்வு இரண்டுக்கும் ஒரே மருந்து: செர்ட்ராலின், முதலில் 25 மில்லிகிராம், பிறகு 50. ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், மலம் கறுத்தால் உடனே வாருங்கள் என்றார். வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்பு இறங்கலாம் என்று இரண்டு வாரத்தில் சோடியம் பரிசோதனையும் செய்தோம்.

பத்து நாளில் அழுகை குறைந்தது. பேப்பருக்கு மூன்று மாதம் ஆனது. ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது ரப்பர் பேண்டு அவருடைய இடது மணிக்கட்டில் இருந்தது.