அக்கா வெளிக்கிட முன்னம்

ஓகஸ்ட் 3, இரவு

ஈயர்போனில் திரும்பவும் சத்தம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாட்டுச் சுவரோடு சாய்ந்திருந்து தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். சினிமாப் பாட்டில் பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய், வயலின்கள் ஓரத்தில் எங்கோ கேட்கின்றன. அப்பா தவில் வாசித்த கசற் பதிவைப் போட்டால் ஒன்றுமே இல்லை. போனில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிளக்குக்குள் இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறது. அது விட்டால் இடதும் வலதும் தொடராக மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகரின் குரல் இரு பக்கமும் ஒரே அளவில் பதிந்திருப்பதால் கழிந்து போகிறது. அப்பாவின் பதிவு மோனோ, இரு பக்கமும் ஒரே சத்தம். கழித்தால் மிச்சம் வர அதில் எதுவும் இல்லை.

அப்பா நித்திரை.

ஓகஸ்ட் 4

அறிக்கை புதன்கிழமைதானாம்.

ஓகஸ்ட் 5

அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருந்து போன் எடுத்தா. "தம்பி, நான் 15ஆம் திகதி வெளிக்கிடுறன். ஏதும் வேணுமெண்டா இப்பவே சொல்லு."

கேபிள் என்றேன்.

"என்ன கேபிள், போன் சார்ஜருக்கோ?"

"இல்லையக்கா, காதுக்குப் போடுறதுக்கு. உங்களுக்கு விபரம் அனுப்புறன்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஒண்டைச் சொல்லு. வீட்டை வந்து சேர நாள் எடுக்கும்."

அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிக் கதைத்தோம்.

இரவு முழுக்கத் தேடினேன். முதலில் கொன்னெக்டர், கேபிள் ஈயர்போனில் மாட்டுகிற முனை. என்னுடையது 0.78 மில்லிமீற்றர் இரண்டு பின். மற்ற வகையான எம்எம்சிஎக்ஸ் என்றால் சுழலும், கழற்றிக் கழற்றிப் போட்டால் தளரும். எனக்கு அது தேவையில்லை. பிறகு பிளக். 4.4 மில்லிமீற்றர் பலன்ஸ்ட் என்று எல்லோரும் ஆசை காட்டுகிறார்கள். அதில் இரண்டு காதுக்கும் கிரவுண்ட் தனித்தனி என்பது நல்ல விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் இருப்பது போனில் செருகுகிற சின்ன டொங்கிள், அதில் 3.5 மட்டும்தான் இருக்கிறது. 4.4 கேபிளை அடப்ரர் போட்டு 3.5இல் மாட்டலாம். அப்படி மாட்டினால் கிரவுண்ட் திரும்ப ஒன்றாகிவிடும், பிறகு எதற்கு?

ஓகஸ்ட் 6

வரவில்லை. வெள்ளிக்கிழமையாம்.

ஓகஸ்ட் 7

இன்றைக்கு முழுக்க வெள்ளிக் கம்பி.

வெள்ளி பூசிய செம்பு என்றால் ஒளிர்வான மேல்ஸ்தாயி, தனி வெள்ளி என்றால் காற்றோட்டம், செம்பு என்றால் வெதுவெதுப்பு என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். நான் இதை நம்பவில்லை. வெள்ளி செம்பை விட நூற்றுக்கு ஆறு வீதம் மட்டில் நன்றாகக் கடத்தும், அவ்வளவுதான். அதே செம்பைக் கொஞ்சம் தடிப்பாக எடுத்தால் அந்த ஆறு வீதம் வந்துவிடும். ஈயர்போனுக்கு வருவது மின்சாரம். அது எந்த உலோகத்தால் வந்தது என்று அதற்குள் சத்தம் எழுப்புகிற ஆர்மேச்சருக்குத் தெரியாது.

ஓசிசி என்கிற விலை கூடிய செம்புக் கம்பிக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. ஜப்பானில் சிபா தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஓனோ கண்டுபிடித்த வார்ப்பு முறை அது. அச்சைச் சூடாகவே வைத்துச் செம்பை மெல்ல மெல்ல இழுத்தெடுக்கிறார்கள்; அதனால் படிகங்கள் நீளமாக வளருகின்றன. உலோகவியலில் அது பெரிய வேலை, மரியாதை இருக்கிறது. ஆனால் அறை வெப்பநிலையில் அதன் மின்தடைக்கும் சாதாரண ஒக்சிசன் நீக்கிய செம்பின் மின்தடைக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அதற்காக 400 டொலர் அக்காவிடம் கேட்க மாட்டேன். அந்தக் காசுக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது.

பின்னேரம் அப்பா கேட்டார், "என்னடா நெடுக அதைப் பாக்கிறாய்?" சொன்னேன். "அந்தக் கசற்றோ? அதிலை நான் ஒரு இடத்திலை விட்டுட்டனே." எந்த இடம் என்று சொல்லவில்லை. களைத்துப்போனார்.

ஓகஸ்ட் 8

அறிக்கை பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் றேடியோ திருத்துகிற அண்ணையிடம் மல்ரிமீற்றர் வாங்கி அளந்தேன். இரண்டு முனையையும் முட்டவைத்து மீற்றர் வயரின் தடையைக் கழிக்கவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு சின்ன எண்களை நம்பமுடியாது. பழைய கேபிளில் போகிற கம்பி 0.4, திரும்புகிற கம்பி 0.5. ஒரு காதுக்கு மொத்தம் 0.9 ஓம்ஸ். பிளக்குக் கிட்ட வளைத்தால் மீற்றர் எங்கேயோ ஓடுகிறது.

அண்ணை பிளக்கை வெட்டிப் புதிது வைத்துத் தந்தார். ஒவ்வொரு இழையிலும் எனாமல் பூச்சு, அதை ஈயப்பற்றோடு எரித்து எரித்துத்தான் பிடிக்கவைத்தார். "கொஞ்ச நாளைக்குத் தம்பி," என்றார். காதுக்குக் கிட்டவுள்ள துண்டு பச்சையாகிவிட்டதைக் காட்டினார். வியர்வை, எங்கள் உப்புக் காற்று. பூச்சு விட்ட இடத்தில் செம்பு அரித்திருக்கிறது.

ஓகஸ்ட் 9

இன்றைக்கு முழுக்க சத்தத்தில் ஒரு அரை டெசிபல் கணக்குத்தான்.

என் ஈயர்போனில் ஐந்து ஆர்மேச்சர்கள். அதன் மின்தடை ஓரிடத்தில் நிற்பதில்லை. நடு அதிர்வெண்களில் 40 ஓம்ஸ், மேலே போகப்போக 8க்கு இறங்குகிறது. கேபிளின் 0.9 ஓம்ஸ் 40இல் தின்பது 0.2 டெசிபல், 8இல் தின்பது 0.9. அதாவது பழைய கேபிள் மேல்பக்கத்தைக் கிட்டத்தட்ட முக்கால் டெசிபல் அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. 26 கேஜ் அளவுச் செம்பில் 1.2 மீற்றர் கேபிள் என்றால் போகவர 0.32 ஓம்ஸ். அப்போது அமுக்குவது கால் டெசிபலுக்குச் சற்று மேல். ஆகவே மேலே அரை டெசிபல் திறக்கும். ஒற்றை டைனமிக் ட்ரைவர் ஈயர்போன் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அவர்களுக்கு எல்லாம் ஒரே அளவில் துளி குறையும், வொலியூமைத் தொட்டால் சரி.

எனக்கு வேண்டும். அந்த அரை டெசிபலுக்குள்தான் நாதஸ்வரச் சீவாளியின் கூர்மையும் தவிலின் வலந்தலையில் அப்பாவின் விரல்கூடு படுகிற சத்தமும் இருக்கின்றன. கசற்றின் இரைச்சலும் அங்கேதான். அதுவும் ஏறும். ஏறட்டுமா?

தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் காலமாகும்வரை அவர் வாசிக்கிற கோயில்களுக்கெல்லாம் இணுவிலில் இருந்து சைக்கிளில் போனவர் அப்பா. தவிலின் இடப்பக்கத் தொப்பியில் கழி விழுகிற பாரத்தை எத்தனையோ தரம் வாயால் சொல்லிக்காட்டியிருக்கிறார். இன்றைக்குக் கையைத் தூக்கவே கஷ்டப்பட்டார்.

ஏறட்டும்.

ஓகஸ்ட் 10

அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். ஒக்சிசன் நீக்கிய செம்பு, 26 அளவு, இழைக்கு இழை பூச்சுள்ள லிட்ஸ், 3.5, இரண்டு பின், 35 டொலர். காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் உள்ளே கம்பி வைக்காதது. கண்ணாடிக் காலோடு அது இடிபடும், சரிந்து படுக்கவும் விடாது. உறை மென்மையானது. துணி சுற்றியவை வடிவாகத்தான் இருக்கின்றன, ஆனால் சேட்டில் உரசினால் அந்த உரசல் நேரே காதுக்குள் கேட்கும். வாட்டில் இரவு அது பெரிய தொந்தரவு.

"இவ்வளவு தானோ?" என்றா. ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 11

இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு நாளும் போகவில்லை.

ஓகஸ்ட் 12

அண்ணை வைத்த பிளக் நிற்கிறது. முதல் தரம் அப்பாவின் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "சுருதிப்பெட்டி கூடிப்போச்சு," என்றார். பிறகு மாத்திரை கொண்டுவந்தார்கள்.

விட்டுவிட்ட இடம் எது என்று நான் கேட்கவில்லை. எட்டாவது நிமிடத்துக்குக் கிட்ட ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது. இந்தக் கேபிளில் தெளிவில்லை.

ஓகஸ்ட் 14

கேபிள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது. படம் அனுப்பினா. பின்கள் நேர், வளையவில்லை.

வந்ததும் முதலில் அப்பாவின் பதிவைத்தான் போடவேண்டும். மோனோ என்பதால் சத்தம் தலைக்கு நடுவில் நிற்கவேண்டும். அப்படி நிற்காமல் இரு பக்கமும் சிதறினால் ஒரு காதில் பின் மாறிக் கிடக்கிறது, கழற்றித் திருப்பி மாட்டவேண்டும். பழையதோடு ஒப்பிடுவதென்றால் வொலியூமைச் சமப்படுத்திவிட்டுத்தான். துளி சத்தம் கூடின பக்கம் எப்போதும் நல்லதாகத் தெரியும்.

அப்பாவின் காது சின்னன். என்னுடைய சிலிக்கன் முனை அவருக்குச் சரியாக அடைக்கவில்லை. அடைக்காவிட்டால் தொப்பியின் அடி முழுக்க வெளியே போய்விடும், எந்தக் கேபிள் போட்டும் பயனில்லை. மிகச் சிறிய அளவில் இரண்டு சோடி வாங்கிவரச் சொல்லி அக்காவுக்கு இப்போதே எழுதவேண்டும். அங்கே இன்னும் கடை பூட்டியிராது.